பவளப்பாறையைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்தேன்

சந்தேகம் எனக்குத் தொழிலிலிருந்து வந்தது. பாப்பாரப்பட்டியில் முப்பது வருடமாக மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரே கதையைத்தான் சொல்வார். "நல்லாத்தாங்க ஓடிக்கிட்டு இருந்துச்சு, திடீர்னு நின்னுபோச்சு." மூடியைக் கழற்றினால் உள்ளே செப்புக் கம்பி கரிக்கட்டையாகக் கிடக்கும். கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் மனிதர் மணிக்கணக்கில் ஓடவிட்டிருக்கிறார் என்று அதுவே சொல்லிவிடும். ஆள் சொல்வதையும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வேன். ஆனால் மோட்டாரைத்தான் நம்புவேன்.

இந்தக் குணம் ஊருக்கும் பயன்பட்டது. நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று பூசை முடிவில் ஓர் அறிவிப்பு. முதல் ஓலைக்கு முன்பே பெண் வீட்டார் என் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். "பையனைப் பத்திக் கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க." நானும் பஸ் ஏறிப் போவேன். மாப்பிள்ளை வீட்டுப் பக்கமே தலைகாட்ட மாட்டேன். தெருமுனை டீக்கடை, முடிவெட்டும் கடை, மருந்துக் கடை, இந்த மூன்றும் போதும். தீர விசாரிப்பதே மெய் என்று சும்மாவா சொன்னார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பதையும் அதே ஜனங்கள்தான் சொன்னார்கள். அதனால்தான் என்னைப் போல ஒருவன் தேவைப்பட்டான்.

என் மகள் விஷயத்திலும் அதையேதான் செய்தேன். மூன்று வருடத்துக்கு முன்பு கிருஷ்ணகிரிப் பக்கத்து வரன் ஒன்று வந்தது. பையன் கண்ணியமானவன், அவளுக்கும் பிடித்திருந்தது. தெரிந்த குடும்பம் என்று முதலில் நான் அசட்டையாக இருந்துவிட்டேன். முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. அப்புறம்தான் மனசு கேட்காமல் அவர்கள் ஊர் மருந்துக் கடைக்குப் போனேன். பையன் மாதாமாதம் வலிப்பு மாத்திரை வாங்குகிறான். சின்ன வயதில் வந்தது, பத்து வருடமாக ஒரு தடவைகூட வரவில்லை என்று கடைக்காரர் நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனால் எங்களிடம் அவர்கள் வாயே திறக்கவில்லையே. நோய் பெரிதில்லை, மறைத்தது பெரிது என்று நான் பங்குத்தந்தையிடம் போய்ச் சொன்னேன். அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. கோயில் முழுக்க அதைக் கவனித்தது.

மகள் அழவில்லை. "விசாரிச்சிட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலை பஸ்ஸில் பெங்களூருக்கு, அவள் வேலை பார்க்கும் இடத்துக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு போன் எல்லாம் அம்மாவுக்குத்தான். நான் வாங்கிப் பேசினால் "நல்லா இருக்கேன்பா, நீங்க?" அதோடு சரி. நான் செய்தது சரியென்றே நினைத்தேன். ஆனால் அந்த "நீங்க?" என்பதற்குப் பிறகு வரும் மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படிப்பட்டவள் போன தையில் ஒரு நாள் நேராக என் நம்பருக்கே கூப்பிட்டாள்.

"அப்பா, ஸ்கூபா டைவிங் போலாம்னு இருக்கேன். கடலுக்குள்ள எறங்கி பவளப்பாறை பாக்கறது. நீங்களும் வர்றீங்களா?"

கையில் இருந்த வார்னிஷ் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். நான் தண்ணீருக்குப் புதியவன் இல்லை. இளவயதில் அறுபது அடிக் கிணற்றில் மூழ்கி, மோட்டார் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வைக் கழற்றியவன். ஆனால் இது கடல். அதுவும் மூன்று வருடம் பேசாத பெண் கூப்பிடுகிறாள்.

"நானா? அம்மாவக் கூட்டிப் போயேன்."

"அம்மாவுக்கு வாளித் தண்ணியக் கண்டாலே பயம். நீங்கதான் கெணத்துல முங்கினவராச்சே. நாலு எடம் பாத்து வெச்சிருக்கேன், அனுப்பறேன். நீங்களே விசாரிச்சு எதுன்னு சொல்லுங்க. விசாரிக்கறதுலதான் நீங்க பெரிய ஆளாச்சே."

போனை வைத்த பிறகு அந்தக் கடைசி வாக்கியத்தை நாள் முழுக்க மென்றுகொண்டிருந்தேன். கேலியா, குத்தலா? சோழியன் குடுமி சும்மா ஆடாது. வேறு ஒரு பையனைப் பார்த்துவிட்டாள், தீவில் கொண்டுபோய் நிறுத்தி "இவருதாம்பா" என்று சொல்லப் போகிறாளா? வெளிநாட்டு வேலையா? மனைவியிடம் சொன்னேன். அவள் களி கிண்டிக்கொண்டிருந்தாள், துடுப்பை நிறுத்தவேயில்லை.

"என்னாங்க, புள்ள கூப்பிட்டதே பெருசு. அதையும் காயில் பிரிக்கற மாதிரி பிரிச்சுப் பாக்கணுமா?"

பார்க்காமல் எப்படி இருப்பது?

அவள் அனுப்பிய நாலு இடங்கள் இவை: மாலத்தீவு, லட்சத்தீவு, அந்தமான், கர்நாடகக் கரையை ஒட்டிய ஒரு சின்னத் தீவு. ஒவ்வொன்றுக்கும் போட்டோக்கள். மாலத்தீவுப் படங்களைப் பார்த்ததுமே எனக்கு ஆகவில்லை. தண்ணீர் அந்த நீலத்தில் எங்கேயும் இருக்காது. ஸ்டுடியோக்காரன் மாப்பிள்ளையை வெளுக்க வைத்துத் தருகிற போட்டோவின் நிறம் அது. பவளத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மோதிரத்தில் வைத்துப் பார்த்தது மட்டும்தான். அது உயிருள்ளது, கடல் சூடானால் வெளுத்துச் செத்துப்போகும் என்று படித்தபோது சந்தேகம் இன்னும் கூடியது. அப்படியென்றால் இந்தப் போட்டோ எந்த வருடத்தியது? செத்துப்போன பிறகும் பழைய படத்தைக் காட்டி ஆள் சேர்க்கிறார்களா?

எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஒருவர் மாலத்தீவில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலையில் இருக்கிறார். அவர் அண்ணனிடம் நம்பர் வாங்கிப் பேசினேன்.

"ஹோட்டலுக்கு முன்னாடி பவளம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க, சுண்ணாம்பாட்டம் வெள்ளயா. நல்லது பாக்கணும்னா போட்டுல ஒரு மணி நேரம் போகணும்."

"வெளம்பரத்துல ரூம் ஜன்னல்லருந்தே தெரியும்னு போட்டிருக்காங்களே?"

"ஜன்னல்லருந்து சமையல்கட்டுப் பொகதாங்க தெரியும்." அவர் சிரித்தார். நான் சிரிக்காமல் பட்டியலிலிருந்து மாலத்தீவை அடித்துவிட்டேன்.

லட்சத்தீவு எனக்குப் பிடித்திருந்தது. போவதற்கு முன் பெர்மிட் வாங்க வேண்டும், நாம் யார் எவர் என்று பார்த்த பிறகுதான் விடுவார்கள். நம்மை விசாரிக்கிற ஊர் என்றால் அது ஒழுங்கான ஊராகத்தான் இருக்கும். ஆனால் மகளுக்குக் கிடைத்த லீவு நாட்களுக்குள் பெர்மிட் வருமா என்பதை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. "வந்துடுங்க, வந்துடுங்க" என்றார் ஒரு ஏஜென்ட். இரண்டு தடவை சொன்னாலே எனக்கு ஒரு தடவைகூடச் சொன்னதாகக் கணக்கில்லை. அதுவும் போயிற்று.

கர்நாடகத் தீவு பக்கம்தான். பஸ்ஸிலேயே போகலாம். அதில்தான் நான் தப்பு செய்தேன். கிருஷ்ணகிரிப் பையன் அந்தக் கரைப் பக்கம் ஏதோ துறைமுகத்தில் வேலைக்குப் போனதாக முன்பு காதில் விழுந்திருந்தது. பட்டியலில் இதைச் சேர்த்தது ஏன் என்று எனக்குள் மணி அடித்தது. தீவைப் பற்றி விசாரிப்பதை விட்டுவிட்டு, பையன் ஊர் மருந்துக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவருக்கு என்னை நினைவிருந்தது. அது எனக்குப் பெருமையாக இல்லை.

"அந்தத் தம்பியா? இங்கதாங்க இருக்காரு. போன வருசம் கல்யாணம் ஆயிருச்சு, கொழந்த பொறந்திருக்குது. பொண்ணு வூட்டுல எல்லாத்தையும் சொல்லித்தான் பண்ணாங்க."

அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நிம்மதி ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. என் மகளுக்கு இனி அந்த வழி கிடையாது என்பதைக் கேட்டு ஓர் அப்பன் நிம்மதிப்படுகிறான் என்றால் அவனை என்னவென்று சொல்வது? தீவைப் பற்றி அப்புறம் விசாரித்தேன். அந்த மாதத்தில் தண்ணீர் கலங்கலாக இருக்கும் என்றார்கள். நல்லதாய்ப் போயிற்று என்று அடித்துவிட்டேன்.

மிச்சம் அந்தமான். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. டைவிங் கடைக்காரர்களைக் கேட்பதும் மாப்பிள்ளையின் அம்மாவைக் கேட்பதும் ஒன்று. மேப்பில் தேடி அந்தத் தீவில் மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது! போன் போட்டால் எடுத்தவர் தமிழிலேயே பேசினார், தாத்தா காலத்தில் சேலம் பக்கத்திலிருந்து போன குடும்பமாம். தொழில்காரனுக்குத் தொழில்காரன், ஐந்து நிமிடத்தில் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டோம்.

"கடலுக்குள்ள முதுகுல கட்டிக்கிட்டுப் போறாங்களே, அது ஆக்சிஜனுங்களா?" என்று கேட்டேன்.

"வெறும் காத்துதாங்க. கம்ப்ரசர் வெச்சு அடைக்கறாங்க. இங்க இருக்கற கம்ப்ரசர் மோட்டார் பூரா நாந்தான் கட்டறேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதைவிட நல்ல டீக்கடை உலகத்தில் கிடைக்காது. ஒரு மணி நேரம் பேசினோம். ஒரு கடையில் கம்ப்ரசர் காற்றிழுக்கும் குழாயை ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்களாம். "அந்தப் பொகையத்தான் சிலிண்டர்ல அடைச்சுக் குடுக்கறான், சொன்னாலும் கேக்கல." இன்னொரு கடையில் பில்டர் மாற்றிய நாளைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைக்கிறார்கள், மோட்டார் கொஞ்சம் சத்தம் போட்டாலே அவரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். கடைசியாகப் பவளம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டேன். "சில எடத்துல வெளுத்துப்போச்சு, சில எடத்துல நல்லா இருக்குது. இந்தக் கடைக்காரங்க இருக்கறத இருக்குது, இல்லாதத இல்லன்னு சொல்லித்தான் கூட்டிப் போவாங்க" என்றார்.

மகளிடம் சொன்னேன். கம்ப்ரசர் கதையைக் கேட்டதும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "யாருப்பா இப்பிடி விசாரிப்பா!" மூன்று வருடம் கழித்து அந்தச் சிரிப்பு. கடையில் ஆள் நிற்பதையும் மறந்து போனைக் காதில் அழுத்திக்கொண்டேன். அந்தமான் என்று முடிவானது.

இரண்டு நாள் கழித்து அந்த டைவிங் கடையிலிருந்து ஒரு படிவம் வந்தது. நாற்பத்தைந்து வயதுக்கு மேலா? ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா? ஆம், இல்லை, ஏதாவது ஒன்றில் டிக். ஆம் என்றால் டாக்டர் கையெழுத்து வேண்டும்.

கடையில் நான் இரண்டு தடவை மயங்கி உட்கார்ந்திருக்கிறேன். தருமபுரியில் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், நெஞ்சுக்கு ஏதோ ஒரு டெஸ்ட் எடுக்கவும் சொன்னார். நான் எடுக்கவில்லை. மாத்திரையைக் கடை டிராயரில் காயில் நூலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மனைவிக்குத் தெரியாது, மகளுக்கும் தெரியாது. ஆம் என்று எழுதினால் டாக்டர் போகக்கூடாது என்பார். மகள் தனியாகப் போய்விடுவாள். பழையபடி "நல்லா இருக்கேன்பா, நீங்க?" என்று ஆகிவிடும். வயதை மட்டும் உள்ளபடி போட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று டிக் அடித்து மகளுக்கு அனுப்பிவிட்டேன். வயதுக்கான கையெழுத்தை யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அந்த வாரம் முழுக்க போன் அடித்தாலே எனக்குத் தூக்கிப்போட்டது.

சனிக்கிழமை மகள் ஊருக்கு வந்தாள். வீட்டுக்குக்கூடப் போகாமல் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். பிறகு டிராயரை இழுத்து, நூலைத் தள்ளி, மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"யாரு சொன்னா?" என்றேன்.

"பக்கத்து டீக்கடைல. அப்பா எப்பிடி இருக்காருன்னு கேட்டேன். ரெண்டு தடவ மயங்கி உக்காந்தாருங்க, தெனமும் டிராயர்ல நூலுக்கு அடிலருந்து எடுத்து எங்க கட டீயோடதான் மாத்திர போடறாருன்னு சொன்னாரு. நீங்க அனுப்புன ஃபார்ம்ல வயசத் தவிர எல்லாத்துக்கும் இல்லன்னு இருந்துச்சு. எனக்கு அப்பவே நம்பிக்க வரல. உங்க பொண்ணுதானப்பா நான்."

எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"சொன்னா நீ உட்டுட்டுப் போயிடுவேன்னுதான் சொல்லல, பாப்பா."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பெண் வீட்டார் வந்து உட்காரும் அதே ஸ்டூல்.

"அந்தக் கிருஷ்ணகிரிக்காரரு மொதத் தடவ பேசினப்பவே எங்கிட்ட சொல்லிட்டாருப்பா, மாத்திர சாப்பிடறேன்னு. டாக்டர் சீட்டைக்கூடக் காட்டினாரு. உங்ககிட்ட சொல்றேன்னு கெளம்புனவர நாந்தான் தடுத்தேன். எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா ஓலையே வாசிக்க விடமாட்டாரு, கல்யாணம் முடியட்டும்னு சொன்னேன். மறைச்சது அவரு இல்ல, நான்."

வெளியே ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. மூன்று வருடமாக அந்தக் குடும்பத்தை, "மறைத்த குடும்பம், மறைத்த குடும்பம்" என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! நாலு ஊரை விசாரித்தவன் என் வீட்டுக்குள் இருந்த பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல முடியாதபடி அவளைப் பயமுறுத்தி வைத்திருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, மூக்கைச் சிந்துவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இப்ப நீங்க மறைச்சிருக்கீங்க," என்றாள். "நான் என்னா பண்ணட்டும்? நீங்க பண்ணுனதையே பண்ணட்டுமா?"

அவளே பையிலிருந்து படிவத்தின் புதுப் பிரதி ஒன்றை எடுத்து வைத்தாள். என் சட்டைப்பையிலிருந்த பேனாவை நானே எடுத்தேன். மாத்திரை, ஆம். மயக்கம், ஆம். இரண்டு தடவை என்று பக்கத்தில் எழுதினேன்.

திங்கட்கிழமை லீவு போட்டு என்னைத் தருமபுரிக்கு அழைத்துப் போனாள். டெஸ்ட் எடுத்தார்கள். டாக்டர் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். விமானத்தில் போகலாம், படகில் உட்காரலாம், கடலுக்குள் இறங்கவே கூடாது என்றார். வெளியே வந்ததும் நான் அவளைப் பார்க்காமல் சொன்னேன். "நீ போயிட்டு வா பாப்பா." அவள் போனில் ஏதோ அழுத்திக்கொண்டிருந்தாள். எனக்கும் விமானச் சீட்டு போட்டாகிவிட்டது என்று திரையைத் திருப்பிக் காட்டினாள்.

இரண்டு மாதம் கழித்து அந்தமானில் ஒரு சின்னப் படகில் லைப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாக்பீஸ் எழுத்தை முதல் நாளே சுவரில் பார்த்துவிட்டேன். கூட இறங்கப் போகிற பயிற்சியாளரிடம் எனக்குக் கேட்க இருபது கேள்விகள் இருந்தன. எத்தனை அடி, எவ்வளவு நேரம், காற்று தீர்ந்தால் என்ன, உங்களுக்கு எத்தனை வருட அனுபவம். வாயைத் திறந்தேன். மகள் முகமூடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவள் படகின் விளிம்பில் உட்கார்ந்து, முதுகுப் பக்கமாகத் தண்ணீரில் விழுந்தாள்.

கொஞ்ச தூரம் வரை குமிழிகள் தெரிந்தன. அப்புறம் அதுவும் தெரியவில்லை. அடியில் என்ன நடக்கிறது என்று கேட்பதற்கு டீக்கடை இல்லை, மருந்துக் கடை இல்லை. படகோட்டிக்குத் தமிழ் தெரியாது. அரை மணி நேரத்துக்கு மேல் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாத்திரை போட்டாயிற்றா என்று ஒரு தடவை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். என் ஆயுளில் நான் யாரையும் எதையும் கேட்காமல் இருந்த நீளமான நேரம் அதுதான்.

மேலே வந்ததும் படகோட்டி அவளைத் தூக்கி ஏற்றினார். முகமூடி அழுத்திய தழும்பு நெற்றியில் சிவப்பாகத் தெரிந்தது. துண்டை நீட்டினேன். எதுவும் கேட்கவில்லை. தலையைக்கூடத் துவட்டாமல், மூச்சு வாங்க, அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். வெள்ளையாய்ச் செத்துக் கிடந்த ஓர் இடம், அதற்கு நாலடி தள்ளி ஊதா நிறத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பவளம், அதற்குள் குடியிருக்கும் மீன் ஒன்று அவள் கையைத் துரத்திக்கொண்டு வந்தது, இன்னொன்று பார்க்கப் பார்க்க நிறம் மாறியது. கரை வரும்வரை அவள் நிறுத்தவில்லை. மூன்று வருடத்தில் என்னிடம் பேசியதையெல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது. சொன்னதில் பாதி நம்புகிற மாதிரி இல்லை. அத்தனையையும் நம்பினேன்.